ஒரு பைசா வெயில்

கமுதி முதல் பாவகடா வரை: சூரிய மின்சாரத்தில் ஊருக்கு என்ன பங்கு?

“தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்!” தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் மிரட்டல் இது. அது எந்தக் காடு என்று யாரும் விளக்கம் கேட்டதில்லை. ராமநாதபுரம் என்று மிரட்டுகிறவருக்கும் தெரியும், மிரட்டப்படுகிறவருக்கும் தெரியும். அங்கே ஊருக்கு ஊர் கண்மாய் உண்டு. கண்மாயில் தண்ணீர் நிற்குமா என்பதை ஐப்பசியும் கார்த்திகையும்தான் முடிவு செய்யும். முண்டு மிளகாய், மல்லி, பருத்தி, வானத்தை நம்பி விதைக்கும் நெல். மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேலம். பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் வீடுகளில் பூட்டுத் தொங்குவது அந்தப் பக்கத்து ஊர்களில் சாதாரணக் காட்சி.

சபிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த வெயிலுக்கு 2016இல் விலை வந்தது. கமுதி வட்டாரத்தில் செங்கப்படையை ஒட்டி அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைத் திறந்தது. சுமார் 2,500 ஏக்கர் நிலம், 25 லட்சம் தகடுகள், 4,550 கோடி ரூபாய் முதலீடு. எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது அதுதான் என்று பேசப்பட்டது. கலிபோர்னியாவின் 550 மெகாவாட் டோபாஸ் நிலையத்தைக் கமுதி முந்திவிட்டது என்று வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் படம் பிடித்துப் போட்டன. தகடுகளில் படியும் புழுதியைத் துடைக்க ரோபோக்கள், அந்த ரோபோக்களுக்கும் சூரிய மின்சாரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்தப் படங்களில் வராத ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒரு சூரிய மின்நிலையம் எழுவதற்கு முன் பல காகிதங்களில் கையெழுத்தாகிறது. நிலம் வாங்கும் பத்திரத்தில் விற்பவரும் நிறுவனமும். மின் கொள்முதல் ஒப்பந்தத்தில் நிறுவனமும் மின்வாரியமும். கடன் பத்திரத்தில் நிறுவனமும் வங்கியும். 25 ஆண்டுகளுக்கு அந்த வேலியை ஒட்டியே வாழப்போகிற ஊர் இவற்றில் எதிலும் ஒரு தரப்பு இல்லை. தவறுதலாக விட்டுப்போனதாக இதைக் கருத முடியவில்லை. நம் சட்டங்களே அதற்குத் தோதாக அமைந்திருக்கின்றன.

சத்தமில்லாமல் கைமாறும் நிலம்

ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்குச் சுமார் நான்கு ஏக்கர் நிலம் வேண்டும். நிலக்கரியில் சுரங்கம் தோண்டுவது ஓரிடம், கொதிகலன் எரிவது வேறிடம். சூரிய மின்சாரத்தில் நிலமே சுரங்கம், நிலமே உலை. அதனால் இந்தத் தொழிலின் அரசியல் எல்லாம் பத்திரப் பதிவு அலுவலகத்திலேயே தொடங்கிவிடுகிறது.

2023 ஜூலையில், நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்தின் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் மீது எந்திரங்கள் ஏறின. தமிழ்நாடே அதைப் பார்த்துப் பதைத்தது. கட்சிகள் தெருவில் இறங்கின, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அரசு கையகப்படுத்திய நிலம் என்பதால் அங்கே கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. ஆட்சியர், அமைச்சர், நிறுவனத் தலைவர் என்று யாரையாவது பார்த்துக் கேட்க முடிந்தது.

சூரிய மின்நிலையத்தில் அந்த முகவரி இல்லை. தனியார் நிறுவனம் தனி ஆட்களிடம் நிலத்தை விலைக்கு வாங்குகிறது. அரசு கையகப்படுத்தாததால் 2013ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு இங்கே நுழைவதில்லை. சூரிய ஒளித் தகடு நிலையங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. புகை இல்லை, சாம்பல் இல்லை என்பதால் கொடுத்த விலக்கு. அந்த அளவில் நியாயம்தான். ஆனால், சுற்றுச்சூழல் அனுமதியோடு சேர்ந்தே வருவது பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். அனுமதி தேவையில்லை என்றால் கூட்டமும் கிடையாது. அனல் மின்நிலையக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும்: ஷாமியானா, முதல் நான்கு வரிசையில் லாரியில் அழைத்துவரப்பட்டவர்கள், சுற்றிலும் போலீஸ். நாடகம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நாடகத்தில்கூட ஒரு மீனவப் பெண் எழுந்து நின்று ஆட்சியரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்டுவிட முடியும், அது பதிவும் ஆகும். 2,500 ஏக்கர் சூரிய மின்நிலையத்துக்கு அந்த மேடையே போடப்படுவதில்லை.

நில உச்சவரம்பு என்னவாயிற்று என்று பழைய ஆட்கள் கேட்கலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டமும், குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் என்று 1970இல் குறைத்த திருத்தமும் இன்னும் இருக்கின்றன. தொழில் நிறுவனங்கள் அரசின் அனுமதியோடு அதற்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். அனுமதி கோட்டையிலிருந்து வரும்.

தென் மாவட்டங்களில் நிலம் திரட்டுகிற விதம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். வாரிசுகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் சார்ஜாவில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. அவர்களைத் தேடிப் பிடித்து, வாரிசுச் சான்று வாங்கி, வில்லங்கம் பார்த்து, பவர் எழுதி வாங்குகிற வேலையை உள்ளூர்த் தரகர் செய்வார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை 30 ஆண்டுகளாகக் கோர்ட்டில் கிடந்தால்கூட, கம்பெனிக்கு என்றதும் ஒரு வாரத்தில் ராசியாகிவிடும். கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்துக்கு வந்தது லாபம் என்று பலர் மனநிறைவோடுதான் விற்றார்கள். அந்தப் பணத்தில் கடன் அடைந்தது, கல்யாணம் நடந்தது, பிள்ளை பொறியியல் படித்தது. அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்வது நகரத்தில் உட்கார்ந்து எழுதுபவரின் திமிர். விளையாத நிலத்தை வைத்திருக்கச் சொல்ல நாம் யார்?

நிலம் விற்றவர் கையில் ஏதோ வந்தது. அந்த நிலத்தால் பிழைத்து, அதில் பட்டா இல்லாதவரின் கணக்கு வேறு. கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது ராமநாதபுரத்தில் ஒரு தொழில். நிலமில்லாத குடும்பங்களுக்கு மழை பொய்த்த ஆண்டிலும் அது கூலி தரும். சீமைக்கருவேலத்தை ஒழிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும், அந்த மரம் நிலத்தடி நீருக்குக் கேடு என்ற வாதமும் ஒருபுறம் இருக்கட்டும். அடுப்புக்கு விறகும் அதிலிருந்துதான் வந்தது. அப்புறம் கீதாரிகள். காவிரிப் படுகையில் அறுவடை முடிந்ததும் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போய் வயலில் கிடை போடுகிற ராமநாதபுரத்து இடையர்கள், ஊர் திரும்பினால் இந்தத் தரிசிலும் கண்மாய்க் கரையிலும்தான் ஆடு மேய்ப்பார்கள். அவர்களுடைய மேய்ச்சல் எந்த அடங்கலிலும் ஏறியதில்லை. வேலி விழுந்த அன்றைக்கு அவர்களிடம் யாரும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்கள் பெயரில் எதுவும் இல்லை.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது இந்த நாட்டில் சாதியோடு பின்னிக் கிடக்கிறது என்பதை முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்டாவை மட்டும் கணக்கில் எடுக்கிற எந்தத் திட்டமும் அந்தப் பழைய பங்கீட்டின் மேல் புதுப் பூச்சு பூசுகிறது.

வேலை? கட்டுமானத்தின்போது கமுதியில் 8,500 பேர் வேலை பார்த்ததாக நிறுவனம் சொன்னது. கட்டி முடித்த பிறகு இத்தகைய நிலையத்துக்குத் தேவைப்படுவது சில பொறியாளர்களும், காவலாளிகளும், தகடுகளுக்கு நடுவே முளைக்கும் புல்லை வெட்டுகிற பெண்களும்தான். சூரிய மின்சாரத்தின் நிலையான வேலைகள் தொழிற்சாலையில் இருக்கின்றன. திருநெல்வேலி கங்கைகொண்டானில் 4.3 கிகாவாட் திறனோடு டாடா பவர் கட்டியிருக்கும் ஆலையில் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். தென் மாவட்டத்துப் பெண் ஒருத்தி தகடு செய்யப் போய்ச் சம்பளம் வாங்கலாம். ஆனால், அந்தத் தகடு போய் நிற்கிற ஊரில் அவளுடைய அத்தைக்கு வேலை கிடையாது.

பாவகடா: விற்காமல் குத்தகைக்கு விட்ட ஊர்கள்

நிலம் வேண்டும் என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில், ஆந்திர எல்லையில் இருக்கிறது பாவகடா. கடந்த அறுபது ஆண்டுகளில் ஐம்பத்து நான்கு முறை வறட்சிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட வட்டம் என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். நிலக்கடலை போட்டு நொடித்துப்போன ஊர்கள். ராமநாதபுரத்துக்கு அண்ணன் முறை.

அங்கே திருமணி, வள்ளூரு உள்ளிட்ட ஐந்து ஊர்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா எழுந்தது. 2018 மார்ச்சில் சித்தராமையா தொடங்கிவைத்தார். 2019 இறுதியில் முழுத் திறனை எட்டியது. நிலத்தை அரசு வாங்கவில்லை, கையகப்படுத்தவும் இல்லை. மத்திய, மாநில அரசு நிறுவனங்கள் கூட்டாக 2015இல் தொடங்கிய கழகம் ஒன்று விவசாயிகளிடமிருந்து 28 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து சதவீத உயர்வு. மண் விவசாயியின் பெயரிலேயே இருக்கும்.

இதில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 13,000 ஏக்கருக்குத் தொடக்க வாடகை ஆண்டுக்குச் சுமார் 27 கோடி ரூபாய். அங்கே ஆண்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் தோராயமாக 330 கோடி யூனிட் என்று வைத்துக்கொண்டால், நிலத்துக்கு ஆகும் செலவு யூனிட்டுக்கு எட்டு பைசா. மின்சாரத்தை விற்பதோ ரூபாய்க் கணக்கில். விவசாயிக்கு நிலத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு இந்தத் தொழிலைக் கவிழ்த்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்த எட்டு பைசாவைக் காட்டலாம்.

பாவகடாவைச் சொர்க்கமாக்கவும் தேவையில்லை. நிறைய நிலம் வைத்திருந்தவருக்கு மாதச் சம்பளம் போல வருமானம் வந்தது. இரண்டு ஏக்கர்க்காரருக்குக் கிடைப்பது மாதம் 3,500 ரூபாய். அரசு நிலத்தை ஆண்டாண்டாக உழுதும் பட்டா கிடைக்காதவர்களுக்கு அதுவும் இல்லை. கடலை பிடுங்கக் கூலிக்குப் போன தலித் குடும்பங்களுக்கு வாடகையும் இல்லை, வேலையும் போயிற்று. ஆட்டுக்காரர்களின் கதை இங்கேயும் கமுதிக் கதைதான். மந்தையை விற்றவர்கள் உண்டு. விற்பனையா குத்தகையா என்பது நிலமுள்ளவரின் கேள்வி. நிலமில்லாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏழு ரூபாய் ஒரு பைசா

கமுதிக்குத் திரும்புவோம். 2015 ஜூலையில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா முன்னிலையில் 648 மெகாவாட்டுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா, 25 ஆண்டுகளுக்கு. ஏலம் விட்டு முடிவான விலை அல்ல அது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் நிர்ணயித்த விலை. அதே சமயத்தில் மத்தியப் பிரதேச ஏலத்தில் யூனிட் 5 ரூபாய் 5 பைசாவுக்கு இறங்கியிருந்தது. கருணாநிதி கேட்டார், ராமதாஸ் அறிக்கை மேல் அறிக்கை விட்டார்: அங்கே ஐந்து ரூபாய், இங்கே ஏன் ஏழு? ஆணையம் சொன்ன விலைக்குத்தான் வாங்குகிறோம் என்றது அரசு. இரண்டே ஆண்டில், 2017இல், மின்வாரியம் 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது விலை 3 ரூபாய் 47 பைசா. அதே ஆண்டு ராஜஸ்தானின் பாத்லாவில் 2 ரூபாய் 44 பைசா.

தகடு விலை அந்த ஆண்டுகளில் சரசரவென்று சரிந்தது உண்மை. 2017இன் விலையை வைத்து 2015ஐ எடைபோடுவது நியாயமில்லை. ஆனால், 2015ஐ 2015ஓடு ஒப்பிடலாம் அல்லவா? விலை விழுந்துகொண்டிருக்கிற பொருளை ஏலம் இல்லாமல் 25 ஆண்டுகளுக்கு நிலையான விலையில் வாங்க ஒப்புக்கொள்வது என்ன வகை வியாபாரம் என்று மளிகைக் கடைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். கமுதி நிலையம் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி யூனிட் தரும் என்று கொண்டால், யூனிட்டுக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்பது ஆண்டுக்கு 100 கோடி ரூபாய். நம் மின் கட்டணத்தில் எங்கோ ஒரு மூலையில் அது உட்கார்ந்திருக்கிறது.

கமுதித் திறனில் ஒரு பகுதிக்கு ஏழு ரூபாயா, ஐந்து ரூபாய் பத்து பைசாவா என்று பின்னால் வழக்கு மூண்டது. குறித்த தேதிக்குள் முழுத் திறனும் மின்தொகுப்போடு இணைக்கப்பட்டதா, தாமதம் யாருடைய தவறு என்பது சண்டை. 2022இல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

2024 நவம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் அதானி குழுமத் தலைவர் மீதும் மற்றவர்கள் மீதும் சுமத்திய குற்றச்சாட்டு, சூரிய மின்சாரத்தை வாங்க இந்திய மாநில அதிகாரிகளுக்கு லஞ்சம் தர முன்வந்தார்கள் என்பது. மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. குழுமம் முழுவதுமாக மறுத்தது. மத்திய அரசின் இந்திய சூரிய ஆற்றல் கழகத்திடம்தான் வாங்கினோம், யாருடனும் நேரடி ஒப்பந்தம் இல்லை என்றார் அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி. ஆட்சி மாறினாலும் கேள்விகள் மாறவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

வாங்கிய விலை ஒரு பக்கம். வாங்கியதற்குப் பணம் கொடுப்பது மறுபக்கம். தமிழ்நாட்டு மின்வாரியம் காற்றாலைக்காரருக்கும் சூரிய மின்சாரக்காரருக்கும் மாதக்கணக்கில் பாக்கி வைத்திருந்தது ஊரறிந்த கதை. ஒருபடி மேலே போய், வெயில் அடிக்கும் நேரத்தில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவுகள் பறந்தன. மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். சூரிய மின் உற்பத்தியாளர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். தேசிய மின்தொகுப்பை இயக்கும் அமைப்பு ஆய்வு செய்து தந்த அறிக்கையைப் பார்த்த தீர்ப்பாயம், பாதுகாப்பு காரணமல்ல, பணக் காரணமே என்று 2021இல் சொல்லி இழப்பீடு தர உத்தரவிட்டது. ஏழு ரூபாய் வெயிலை வாங்குவதைவிட நிறுத்திவைப்பது மலிவு என்று வாரியத்தில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். தரித்திரத்திலும் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் சுமக்கிற வாரியம் அது.

கூரை உள்ளவர்கள்

வயலில் ஏக்கர் ஏக்கராகத் தகடு போடுவதற்குப் பதில் வீட்டுக் கூரையில் போட்டால் இந்தச் சண்டையே வேண்டாமே என்பது படித்தவர்கள் உடனே சொல்கிற தீர்வு. தமிழ்நாட்டுக்கு அது புதிதும் அல்ல. 2011இல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த பசுமை வீடுகள் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு 300 சதுர அடியில் வீடு, 1.80 லட்சம் ரூபாயில் 30,000 ரூபாய் சூரிய விளக்குக்கு. கூரையில் தகடு, உள்ளே ஐந்து விளக்கு. ஆண்டுக்கு 60,000 வீடுகள். அன்று பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு மணி நேரம் என்று மின்வெட்டில் தமிழ்நாடு வெந்துகொண்டிருந்தது. குடிசை இருந்த இடத்தில் எழுந்த வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது என்பது சின்ன விஷயமா? பேட்டரியின் ஆயுள் சில ஆண்டுகள்தான் என்பதும், மாற்றுவது யார் செலவு என்பதும் திட்டத்தில் சரியாக யோசிக்கப்படாதவை. ஆனாலும் அரசு சூரிய மின்சாரத்தை முதலில் ஏழையின் கூரையில் வைத்தது என்பதை மறக்கக் கூடாது.

இன்றைய கூரைத் திட்டத்தின் முகம் வேறு. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் ஒரு கோடி வீடுகள் இலக்கு, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மிச்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும் அல்லது கடன் வாங்க வேண்டும். சொந்த வீடு, மொட்டை மாடி, நிழல் விழாத திசை, பெரிய மின் கட்டணம் ஆகிய நான்கும் உள்ளவருக்கு இது நல்ல முதலீடு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் சிறிய வீட்டுக்காரருக்குக் கூரையில் தகடு வைத்து மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. வாடகை வீட்டுக்காரருக்கு மாடி சொந்தமில்லை. அடுக்ககத்தில் நாற்பது குடும்பத்துக்கு ஒரு மொட்டை மாடி. வேறெங்கோ உள்ள தகட்டின் மின்சாரத்தில் பங்கு வாங்கி, தன் மீட்டரில் கழித்துக்கொள்கிற முறை டெல்லியில் இருக்கிறது. வாடகைக்காரருக்கு வழி அதுதான்.

பெரிய கட்டணம் கட்டுகிறவர்கள் கூரைக்குப் போய்விட்டால் வாரியத்தின் வருமானம் குறையும். விவசாயிக்கு 1990 முதல் இலவச மின்சாரம், வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம். இந்தச் சுமையில் ஒரு பகுதியைத் தூக்குவது தொழிற்சாலைகளும் கடைகளும் கட்டுகிற கூடுதல் கட்டணம். அவர்கள் தகடு போட்டால் வாரியம் பயப்படுவது இயல்பு. அதனால்தான் கூரைத் தகட்டு மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் வந்தது. “என் கூரை, என் தகடு, என் மோட்டார், உனக்கு எதற்குக் கட்டணம்?” என்று கோவை, திருப்பூர் சிறு தொழில்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் போனதும் அவர்களுக்கும் வாரியத்தின் கம்பி வேண்டும் என்பதால் வாரியத்தின் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. 2024 மே மாதம் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. பகலில் சூரியன் கை கொடுக்கிறது. விளக்கு வைத்த பிறகு ஏறுகிற தேவைக்கு நிலக்கரியையும் மின்சந்தையையும் தேடி ஓட வேண்டியிருக்கிறது.

ஊருக்கு ஒரு பைசா

இந்த மாநிலத்தில் மின்சாரம் என்றைக்குமே அரசியல்தான். 1970களில் மின் கட்டணம் யூனிட்டுக்கு ஒன்றிரண்டு பைசா ஏறியதற்கு நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கோவையை மாட்டு வண்டிகளால் நிரப்பினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தின் நீட்சிதான் இன்றைய இலவச மின்சாரம். அன்றைக்கு விவசாயி மின்சாரம் வாங்குபவர். இன்றைக்கு அவருடைய நிலத்திலிருந்து மின்சாரம் கிளம்புகிறது. ஆனால், ஒரு பைசாவைப் பற்றிப் பேச யாரும் இல்லை.

ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுத்தால், 12 சதவீத மின்சாரம் அந்த மாநிலத்துக்கு இலவசம். 2008ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை இன்னொரு சதவீதத்தை அணைப் பகுதி மேம்பாட்டுக்கு ஒதுக்கியது. கனிமம் தோண்டினால், 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு நிறுவனம் பணம் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு அது செலவாக வேண்டும். ஒழுங்காகச் செலவாகிறதா என்பது வேறு பஞ்சாயத்து. உரிமை சட்டத்தில் இருக்கிறது. வெயிலுக்கு அப்படி ஒன்று நாட்டளவில் இல்லை. ராஜஸ்தான் 2019ஆம் ஆண்டுக் கொள்கையில் மெகாவாட்டுக்கு இவ்வளவு என்று வளர்ச்சி நிதி வசூலிக்க வழிசெய்தது. அதுவும் போவது மாநில அரசின் கணக்குக்கு. ஜெர்மனியில் யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரை, நம் காசுக்கு ஏறத்தாழ 20 பைசா, நிலையம் அமைந்த ஊராட்சிக்கு நிறுவனம் தரலாம் என்று 2021இல் சட்டமே இடம் கொடுத்தது.

இருபது பைசா வேண்டாம். கமுதி நிலையத்தில் யூனிட்டுக்கு ஒரே ஒரு பைசா என்று வைத்தாலும் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி ரூபாய். சுற்றியுள்ள சில ஊராட்சிகளுக்கு அது பெரிய பணம். கண்மாய் வரத்துக்கால் தூர்வாரலாம், ஊருணிக்குக் கரை கட்டலாம், கீதாரிகளுக்கு மேய்ச்சல் நிலம் ஒதுக்கிக் குடிநீர்த் தொட்டி வைக்கலாம், பட்டா இல்லாதவர்களுக்குக் கூலி வேலை உருவாக்கலாம். ஏழு ரூபாய் ஒரு பைசாவில் அந்த ஏழு ரூபாயை நிறுவனமே வைத்துக்கொள்ளட்டும்.

பழைய ஒப்பந்தங்களில் இதைப் புகுத்துவது கடினம்; நீதிமன்றம் ஒப்பாது. புதிய ஏலங்களில் தடையில்லை. விலை கேட்கும்போதே ஊராட்சிப் பங்கு இவ்வளவு, குத்தகைக்கு எடுப்பவருக்கு முன்னுரிமை, வரத்துக்கால்களை மறிக்கக் கூடாது, ஆண்டுக்கு ஒருமுறை கிராமசபையில் கணக்குக் காட்ட வேண்டும் என்று நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டால், நிறுவனங்கள் அதையும் கணக்கில் எடுத்துத்தான் விலை சொல்லும். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்றால் யாருக்கும் நட்டமில்லை. தமிழ்நாட்டின் சூரிய மின் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இது இன்னும் பல மடங்கு பெருகும் என்பதில் கட்சிகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் என்று அதே வெயில், அதே மாவட்டங்கள்.

2015இல் கையெழுத்தான ஒப்பந்தங்களின் 25 ஆண்டு, நிலையம் திறந்ததிலிருந்து கணக்கிட்டால், 2041 வாக்கில் முடியும். தகடுகளைக் கழற்றி எடுக்கும் பொறுப்பை மின்னணுக் கழிவு விதிகள் 2022 முதல் கொஞ்சம் பேசத் தொடங்கியிருக்கின்றன. நிலத்தைப் பற்றிப் பேசுகிற விதி ஏதும் இல்லை. பாவகடாவில் குத்தகை முடிந்தால் பட்டாக்காரரின் பேரன் வந்து நிற்பான். கமுதியில் அது நிறுவனத்தின் சொத்து. தகடு போடலாம், மனை போடலாம், வேறொருவருக்கு விற்கலாம்.

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதிய கட்டண ஆணைக்கும் விதிமுறைக்கும் முன்னால் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. எழுத்தில் கருத்து அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நிறுவனங்களும் ஆலைச் சங்கங்களும் சென்னையின் சில நுகர்வோர் அமைப்புகளும்தான். நிறைவேற்றிய தீர்மானம் ஒன்றை இணைத்து ஒரு கிராமசபை அதே முகவரிக்குக் கடிதம் எழுதலாம். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அஞ்சல் செலவு ஊராட்சிக் கணக்கில் போகும்.